பைபாஸ் நூற்பா: நாலு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி போய்ச் சேரும் இடம் பற்றிய ஆராய்ச்சி

பாயிரம்

நூல் என்று ஒன்றை எழுதத் துணிந்தவர் பாயிரம் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பது மரபு. ஆகவே சொல்கிறோம்.

இந்நூலின் எல்லை: தெற்கே பெருங்களத்தூர், வடக்கே புழல், இடைப்பட்ட 32 கிலோமீட்டர் சென்னை பைபாஸ். கிழக்கும் மேற்கும் சர்வீஸ் ரோடு. நுதலிய பொருள்: வேக வரம்பை மீறி ஓட்டுவதால் மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது என்பது. கேட்போர்: வலத்தடத்தில் பின்னாலிருந்து லைட் அடிப்போரும், அந்த லைட்டைக் கண்ணாடியில் கண்டும் காணாதவர்போல் செல்வோரும். காலம்: போரூரிலும் மதுரவாயலிலும் நெரிசல் இல்லாத காலம், அதாவது பெரும்பாலும் கற்பனை. இது முதல்நூலா, வழிநூலா எனின், முன்னால் போகிற டிரெய்லர் விட்ட வழியில் போவதால் வழிநூலே. பயன், நூலின் கடைசியில் தெரியும். அதுவரை பொறுமையாக வருக. ஹாரன் அடிப்பதால் நூல் சீக்கிரம் முடியாது.

1. கணக்கியல்

    ஏறிய வேகம் ஏறுந் தோறும்
    மீந்த மணித்துளி மெலியும் என்ப.

என்பது நூற்பா. வேகம் கூடக் கூட மிச்சமாகும் நேரமும் கூடும் என்று ஸ்டீயரிங் பிடித்த எல்லாரும் நம்புகிறார்கள். நேரம் மிச்சமாவது மெய். ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் குறைவாகவே மிச்சமாகும் என்பதை இந்நூற்பா உணர்த்திற்று.

உரை வருமாறு. 32 கிலோமீட்டரை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 96 நிமிடம். அதை 40 ஆக்கினால் 48 நிமிடம் லாபம். 40-ஐ 60 ஆக்கினால் லாபம் 16 நிமிடம். 60-ஐ 80 ஆக்கினால் 8 நிமிடம். 80-ஐ 100 ஆக்கினால், இந்நூலின் தலைப்பில் நிற்கும் 4 நிமிடம் 48 விநாடி. 100-ஐ 120 ஆக்கினால் வெறும் 3 நிமிடம் 12 விநாடி. கூட்டியது ஒவ்வொரு முறையும் அதே இருபதுதான். கரும்புச்சாறு மெஷினில் முதல் தடவை விட்ட கரும்பு டம்ளரை நிறைக்கும். சக்கையை மடித்து ஐந்தாம் தடவை விட்டால் மெஷின் சத்தம்தான் கூடும். 120-ல் பறப்பவர் சக்கை பிழிகிறவர் என்க.

இனிச் செலவுக் கணக்கு. 80-லிருந்து 100-க்குப் போகும் காரின் இயக்க ஆற்றல் 56 விழுக்காடு கூடுகிறது; ஏனெனில் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. பிரேக் அடித்து நிறுத்தும்போது இந்த ஆற்றல் முழுவதையும் எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும்: பிரேக்கில், டயரில், இல்லையேல் முன்னால் போகிறவர் டிக்கியில். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள்ளேயே 80-ல் போகும் வண்டி 33 மீட்டரும் 100-ல் போவது ஏறக்குறைய 42 மீட்டரும் கடந்திருக்கும். பிரேக் அதற்குப் பிறகுதான் பிடிக்கத் தொடங்கும்.

தடை: நீர் ஓர் ஆளுக்குக் கணக்குப் பார்க்கிறீர். பத்துப் பேர் இப்படி மிச்சம் பிடித்தால் 48 நிமிடம் ஆகுமே? சாலைத் திட்டங்களுக்கு லாபம் காட்டுகிறவர்கள் சில்லறை நிமிடங்களை இப்படித்தானே கூட்டி மூட்டை கட்டுகிறார்கள்?

விடை: அற்றன்று. என்னை? பத்துப் பேருடைய நாலரைச் சொச்ச நிமிடங்களையும் ஒரே பாத்திரத்தில் ஊற்ற வழியில்லை. அவரவர் மிச்சம் அவரவர் காருக்குள்ளேயே ஆவியாகிவிடும் என்க.

2. எண்ணியல்

வேக வரம்பு என்ற எண்ணின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வாம். 1865-ல் இங்கிலாந்து, இயந்திர வண்டிகள் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்று விதித்து, வண்டிக்கு முன்னால் செங்கொடி பிடித்து ஓர் ஆள் நடக்க வேண்டும் என்றும் சட்டம் செய்தது. 1896-ல் வால்டர் அர்னால்டு என்பவர் கென்ட் பகுதியில் 2 மைல் எல்லைக்குள் 8 மைல் வேகத்தில், அதாவது நம் கணக்கில் சுமார் 13 கி.மீ. வேகத்தில் பறந்தார். போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்கு அபராதம் ஒரு ஷில்லிங். அமெரிக்கா 1974-ல் நாடு முழுவதற்கும் 55 மைல் என்று கட்டியது உயிர் காக்க அன்று, பெட்ரோல் காக்க. எண்ணெய் நெருக்கடி போய்ப் பல்லாண்டு கழித்து, 1995-ல் அந்தக் கட்டை அவிழ்த்தது.

நம் நாட்டில் 2018 ஏப்ரலில் ஓர் அறிவிக்கை வந்தது. கார்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120, நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் 100, நகராட்சிச் சாலையில் 70. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், இத்தனை வேகம் ஆகாது என்று அதை ரத்து செய்தது. 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல் துறை சென்னை நகருக்குள் கார்களுக்கு 60, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் யாவர்க்கும் 30 என்று வகுத்தது. மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பின் காருக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்.

இவ்வளவு எண்களும் ஓட்டுநர் தலைக்குள் போய்ச் சேர்கின்றனவா எனின், சேர்வதில்லை. அவர் பார்ப்பது வேறோர் எண்: செல்போனில் கூகுள் மேப் காட்டும் சேரும் நேரம். 7.42 என்று காட்டினால் 7.38-க்குப் போய்க் காட்ட வேண்டும் என்பது அவர் ஆண்மைக்கு விடப்பட்ட சவால். பலகை சொல்வது அரசாங்கத்தின் எண். இது தன்னுடைய எண். பந்தயம் இதனோடுதான்.

3. தடவியல்

    வலத்தடம் விரைவோர்க்கு உரியது, லாரி
    வந்துழி அதுவே லாரிக்கு உரித்தே.

முதலடி பொதுவிதி, இரண்டாமடி புறனடை. பைபாஸில் புறனடையே பெருவழக்கு. ஜி.எஸ்.டி. சாலையில் இருந்தும் பெங்களூரு சாலையில் இருந்தும் துறைமுகம் நோக்கி வரும் டிரெய்லர்கள் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் புழல்வரை விடுவதில்லை. லாரிக்காரர் பக்கம் நியாயமும் உண்டு. இடத்தடத்தில் போனால் நிறுத்திவைத்த வண்டிகள், சர்வீஸ் ரோட்டில் இருந்து திடீரென ஏறி வருகிற பைக்குகள், பஸ்ஸுக்குக் கை காட்டும் கூட்டம். இருபது டன்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி எடுப்பது யாருக்கு ஆகும்?

ஆகவே கார் இடப்பக்கம் ஒடித்து முந்துகிறது. இதனைக் கட் அடித்தல் என்ப. கட் அடிப்போருக்கு ஓர் உறுதியான நம்பிக்கை: பக்கத்துத் தடம்தான் வேகமாகப் போகிறது. இதனை மெய்யாகவே ஆராய்ந்தவர்கள் டொனால்ட் ரெடல்மையர், ராபர்ட் டிப்ஷிரானி என்னும் இருவர். 1999-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இரண்டு தடமும் ஒரே சராசரி வேகத்தில் போனாலும், பக்கத்துத் தடமே முந்துவதாகத் தோன்றும் என்பது அவர்கள் முடிவு. காரணம் எளிது. நாம் முந்தும்போது பக்கத்து வண்டிகள் நெருங்கி நிற்பதால் நாலைந்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறோம். அவர்கள் நம்மை முந்தும்போது இடைவெளி விட்டு ஒவ்வொருவராக, நெடுநேரம், நம் கண்முன்னே போகிறார்கள். கொடுத்த கடன் நினைவிலிருக்க, வாங்கிய கடன் மறந்துபோகிற அதே மனித சுபாவம்.

தடம் மாறியவர் தான் மட்டும் பயனடைந்ததாக நினைக்கிறார். பின்னால் வருபவர் பிரேக்கைத் தொடுகிறார். அவருக்குப் பின்னால் வருபவர் அழுத்துகிறார். பத்தாவது ஆள் நின்றே விடுகிறார். 2008-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லாரும் 30 கி.மீ. வேகத்தில் சீராகப் போங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, மாடு இல்லை. சிறிது நேரத்தில் தானாகவே நெரிசல் பிறந்து, கார்கள் முன்னால் போக, அது பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அப்படியிருக்க, அம்பத்தூர் இறக்கத்தில் முன்னால் ஒன்றுமே இல்லாமல் நின்றுவிட்டு, “எதுக்குய்யா நின்னோம்?” என்று கேட்பவருக்கு விடை: ஐந்து நிமிடம் முன்னால் யாரோ ஒருவர் கட் அடித்தார்.

ராங் சைடில் வருவோரை இக்கணக்கில் சேர்ப்பதா எனின், திசைவேகத்துக்கு அளவோடு திசையும் உண்டு என்பது பிளஸ் ஒன் இயற்பியல். அவர்கள் திசைவேகம் மைனஸ் இருபது. எந்த வேக வரம்பையும் அவர்கள் மீறுவதில்லை. எதிரே 80-ல் வருபவருக்கு மட்டும் அது நூறு.

4. கண்ணியல்

    கம்பத்துக் கண்முன் கால்தளர்ந்து, அதனைக்
    கடந்தபின் மீண்டும் கால்எழும் என்ப.

கேமராவுக்கு முன் இருநூறு மீட்டரும் பின் இருநூறு மீட்டரும் சட்டம் முழுமையாக நிலவுகிறது. இவ்விடங்களில் ஓட்டுநர் முகத்தில் தோன்றும் சாந்தம் கோயில் பிராகாரத்திலும் காணக் கிடைக்காதது. கேமரா இருக்கும் செய்தி, எதிரே வருபவர் லைட் மினுக்குவதால் தடுப்பின் அந்தப் பக்கத்துக்கும் பரவுகிறது. முன்பின் அறியாத இருவரிடையே இந்தச் சாலையில் நிகழும் ஒரே உதவி இது என்பதை மானுடவியலார் குறித்துக்கொள்க.

கண் வெளியே மட்டுமன்று, உள்ளேயும் உண்டு. 2019 ஜூலை முதல் தயாரான கார்கள் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் கூவ வேண்டும் என்பது விதி. கூவுகின்றன.

“என்னங்க, ஏதோ சத்தம் வருதே?”

“அது ஒண்ணுமில்ல, பெல்ட் சத்தம். பாட்ட கொஞ்சம் கூட்டு.”

பெல்ட் போட்டுத்தான் இருக்கிறார்கள். பாட்டும் கூட்டப்படுகிறது. எச்சரிக்கைக்கு மேல் எழும்பக்கூடிய ஒலிபெருக்கியையும் அதே கம்பெனிதான் அதே காரில் வைத்திருக்கிறது என்பது நோக்கத்தக்கது.

5. ஒழிபியல்

    மீந்த துளிஎலாம் மீளச் செல்லிடம்
    சாவடி, சந்தி, டீக்கடை மூன்றே.

நூலின் தலையாய வினாவுக்கு இனி விடை. 4 நிமிடம் 48 விநாடி எங்கே போகிறது? முதலாவது, சுங்கச்சாவடி. பாஸ்டேக் கட்டாயமானது 2021-ல். ஆனால் நமக்கு முன்னால் நிற்பவர் அட்டையில் மட்டும் என்றைக்கும் பணம் இருப்பதில்லை. பதினைந்து நிமிடம் முன்பு கட்டையில் மிதித்து முந்திய வெள்ளைக் கார், அடுத்த வரிசையில் நமக்கு ஒரு வண்டி முன்னால் நிற்கிறது. இரு ஓட்டுநரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. இருவருக்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது, பைபாஸை விட்டு இறங்கியதும் வரும் முதல் சிக்னல். மூன்றாவது, அத்தனை அவசரமாக வந்து சேர்ந்தபின், “ஒரு டீ போட்டுட்டுப் போலாம்” என்பது.

உண்மையில் நேரம் வேண்டுபவர் தேட வேண்டிய இடம் மேலே இல்லை, கீழே இருக்கிறது. போரூர் பக்கம் 10 கி.மீ. வேகத்தில் ஊர்கிற இரண்டே கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். அது 12 நிமிடம். அங்கே சைக்கிள் வேகமான 17 கிடைத்தால் 7 நிமிடம். 32 கிலோமீட்டரும் உயிரைக் கையில் பிடித்து 100-ல் பறந்து பெற்றதை இந்த இரண்டு கிலோமீட்டர் அலுங்காமல் தந்துவிடும். சந்திப்பை அடைக்காமல், இறங்கும் வளைவில் மூன்றாவது வரிசை போட்டு மூக்கை நுழைக்காமல் இருந்தாலே அந்த 17 வரும். ஆனால் மூக்கை நுழைப்பவரும் 100-ல் பறந்தவரும் ஒருவரே ஆதலின், அவர் அங்கே தொலைத்ததை இங்கே தேடுகிறார்.

தடை: லாபம் இல்லை என்று தெரிந்தும் ஏன் மிதிக்கிறார்கள்?

விடை: மிதிப்பவர் சம்பாதிப்பது நேரம் என்று கொண்டதே ஆய்வாளர் செய்யும் பிழை. முன்னால் ஒரு வண்டி இருந்தது; இப்போது பின்னால் இருக்கிறது. ஆபீசிலும் ரேஷன் கடையிலும் வருடக்கணக்கில் நின்றும் கிடைக்காத முன்னேற்றம், மூன்று விநாடியில், கண்ணாடியில் தெளிவாகத் தெரியும்படி கிடைக்கிறது. இதற்கு விலை 56 விழுக்காடு கூடுதல் ஆற்றல் என்றால் அவருக்கு அது மலிவு.

ஆகவே இந்நூலின் பரிந்துரை ஒன்றே. வேக வரம்புப் பலகைகளில் வட்டத்துக்குள் வெறும் எண்ணை எழுதுவதை விட்டு, விலைப்பட்டியல் எழுதுக: ‘இங்கிருந்து புழல்வரை 80-ல் போனால் 24 நிமிடம். 100-ல் போனால் 19 நிமிடம் 12 விநாடி. வித்தியாசம் டீ ஆறுவதற்கும் போதாது. பிடித்தால் அபராதம் தனி.’ உத்தரவைக் கண்டால் நம்மவர் மீறுவார்; விலையைக் கண்டால் பேரம் பேசுவார். நாலு நிமிடத்துக்கு இவ்வளவா, இது கட்டுப்படியாகுமா என்று மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டிருப்பவரின் கால், அந்த நேரமாவது ஆக்சிலரேட்டரில் கொஞ்சம் லேசாக இருக்கும்.