சப்ளையைத் தவிர சகலமும்

தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகடு எப்போதும் கழன்ற கோலத்தில் சுவரோரம் சாய்ந்திருக்கும். திருகுகள் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியில் கிடக்கும். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும். சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். எதிரே வந்து, “இன்னிக்கு டெம்பரேச்சர் எண்பதைத் தாண்டிடுச்சு சார்” என்பார். வெயிலைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து நீங்கள் வானத்தைப் பார்க்கக் கூடாது. புதிதாக கிராபிக்ஸ் கார்டு மாற்றியிருக்கிறார்.

கார்டு வாங்குகிற வரை அவரைப் போல நிதானஸ்தர் கிடையாது. யூடியூபில் அவர் பார்க்காத ரிவ்யூ இல்லை. எந்த கேமில் எந்த கார்டு எத்தனை எஃப்பிஎஸ் தரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ரேஷன் கார்டு எந்த டிராயரில் இருக்கிறது என்று கேளுங்கள், திருதிருவென்று முழிப்பார். பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 போடுவது என்று தீர்மானித்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, முந்நூறு ரூபாய் குறைத்துப் பேசி வெற்றிவாகை சூடுவார். பில் போடும்போது கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“பவர் சப்ளை என்ன தம்பி போட்டிருக்கீங்க?”

“ஐந்நூறு வாட்ண்ணே.”

“எந்த கம்பெனி?”

“கேபினட்டோடயே வந்துச்சுண்ணே.”

கடைக்காரர் அதற்கு மேல் ஒன்றும் பேச மாட்டார். பெட்டியைப் பையில் போட்டு, “பில்லைப் பத்திரமா வைங்க” என்பதோடு சரி.

ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான். பழைய 1050 டிஐ ஒரு சாது. அதற்கு 75 வாட் போதும். மதர்போர்டு ஸ்லாட்டே அதைக் கொடுத்துவிடும், பெரும்பாலும் தனி வயர்கூட வேண்டாம். 3060 கேட்பது 170 வாட். ஸ்லாட் தருவது அதே 75தான் என்பதால், மிச்சத்துக்கு சப்ளையிலிருந்து எட்டு பின் வயர் ஒன்று நேராக வர வேண்டும். கேபினட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த சப்ளையில் அந்த வயர் எங்கே இருக்கப்போகிறது? நம் ஆள் அசர மாட்டார். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் ஃபேனுக்கும் போகிற மோலெக்ஸ் வயர் இரண்டைச் சேர்த்து எட்டு பின்னாக்கும் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவார்.

அந்த சப்ளையின் வயிற்றில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 500 என்பது கொட்டை எழுத்தில். கீழே கட்டம் போட்டு, 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் வரும் என்பது பொடி எழுத்தில். கார்டு சாப்பிடுவது ஏறக்குறைய முழுக்க அந்த 12 வோல்ட்டில்தான். அங்கே 18 என்று போட்டிருந்தால் பெருக்கினால் 216 வாட். கார்டுக்கு 170 போக, மீதி 46-இல் பிராசசரும் மற்றவையும் குடும்பம் நடத்த வேண்டும். எஃப்பிஎஸ் கணக்கில் புலியான மனிதர் இந்த ஒரு பெருக்கலை மட்டும் போட மாட்டார். 3060-க்கு 550 வாட் சப்ளை வையுங்கள் என்று என்விடியாவே சொல்கிறதே என்றால், “அதெல்லாம் பிசினஸ் சார்” என்பார்.

மாட்டிய அன்று மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வரும். உடனே ராமை உருவுவார். பள்ளிக்கூடப் பையன் பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து, ராமின் தங்க நிறப் பட்டைகளை இரண்டு பக்கமும் தேய்த்து, ரப்பர் தூளை வாயால் ஊதி, திரும்பவும் ‘டக்’ என்று சத்தம் வர அழுத்துவார். நோ சிக்னல். போர்டிலிருந்து காசு மாதிரி இருக்கும் அந்த பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்திருப்பார். நோ சிக்னல். கார்டு டூப்ளிகேட் என்று கடைக்காரருக்கு போன் போடப் போகும்போது ரப்பரைத் திருப்பிக் கேட்க வந்த பையன் பின்பக்கம் எட்டிப் பார்த்து, “மாமா, மானிட்டர் ஒயரைப் புது கார்டுல சொருகவே இல்லியே. பழைய போர்டுலதானே இருக்கு?” என்பான். அது தனக்கும் தெரியும், செக் பண்ணிப் பார்த்தேன் என்பார் நம் ஆள்.

படம் வந்துவிட்டது. ஆனால் நிலைக்குமா? கேம் தொடங்கிச் சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் திரை கறுத்துவிடும். கார்டின் ஃபேன் மட்டும் பேயாய்ச் சுற்றும். சத்தம் நிற்காது, ஹெட்செட்டில் நண்பர்கள், “டேய், செத்துட்டியா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். சில நாள் கம்ப்யூட்டரே தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஹாலிலிருந்து அப்பா, “ஏம்ப்பா, முன்னாடி படம் நல்லாத்தானே தெரிஞ்சுது?” என்பார். அந்த வீட்டில் இதைப் பற்றி உருப்படியாகக் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

இனி வைத்தியம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘கெர்னல் பவர் 41’ என்ற வரியைப் பிடித்துக்கொள்வார். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதுதான் அதற்கு அர்த்தம். அது நின்ற லட்சணத்தைத்தான் இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாரே! அடுத்து, டிரைவர் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் இரண்டு விநாடி பொறுத்துப் பார்த்து அதை ரீசெட் செய்யும் என்று எங்கோ படிப்பார். ரெஜிஸ்ட்ரியில் புகுந்து அந்த இரண்டை அறுபதாக்குவார். விளைவு, முன்பு சட்டென்று போன திரை இப்போது ஒரு நிமிடம் உறைந்து நின்றுவிட்டுப் போகும். பிறகு சேஃப் மோடில் நுழைந்து டிடியூ என்ற மென்பொருளால் பழைய டிரைவரைச் சுவடு இல்லாமல் துடைப்பார். நல்ல பழக்கம்தான், தப்பு சொல்ல முடியாது. ஆனால் வாரத்துக்கு நான்கு தடவை துடைத்தால் டிரைவர்தான் என்ன செய்யும்?

இதற்கிடையில் மேஜைக்கு அடியில் யூபிஎஸ் கத்த ஆரம்பித்திருக்கும். 600 விஏ என்று போட்டிருக்கும் வீட்டு யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கத்துகிற குழந்தையை அதட்டுவதுபோல் அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, நேராகச் சுவர் பிளக்கில் சொருகுவார். அன்றிலிருந்து கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போதெல்லாம் மேல்வீட்டில் கேம் காலி.

அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கத் தெரியாது. பயாஸ் அப்டேட், புது டிரைவர், புது டிஸ்ப்ளே போர்ட் வயர், ராமின் எக்ஸ்எம்பி ஆஃப், எல்லாம் ஒரே ராத்திரி. மறுநாள் இரண்டு மணி நேரம் ஓடினால் எதனால் ஓடியது என்று அவருக்கும் தெரியாது. மூன்றாம் மணியில் நின்றால் எதனால் நின்றது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. பழைய கார்டைத் திரும்பப் போட்டால் ஒழுங்காக ஓடுகிறதா, பக்கத்து வீட்டு நல்ல சப்ளையில் புது கார்டு ஓடுகிறதா என்ற இரண்டே சோதனையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதைச் சொன்னால், “சப்ளை பர்ஃபெக்ட் சார், ஃபேன் சுத்துதே!” என்பார்.

கடைசியில் ஒருநாள் கருகிய வாடை வரும். மோலெக்ஸ் கனெக்டர் உருகி, மஞ்சள் வயர் பழுப்பாகியிருக்கும். வேறு வழியில்லாமல் 650 வாட்டில் நல்ல சப்ளை ஒன்று வாங்கி, எட்டு பின் வயரை நேராக மாட்டுவார். அன்றோடு கறுப்புத் திரை ஒழியும். “பார்த்தீங்களா, ரெஜிஸ்ட்ரில நான் வெச்ச செட்டிங் இப்பத்தான் வேலை செய்யுது” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

பழைய சப்ளையைக் குப்பையில் போட்டிருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். அதைத் துடைத்து அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். “உங்க பையன் கம்ப்யூட்டருக்கு ஆகும் சார், ஐந்நூறு வாட்” என்று உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், உட்காரச் சொல்லி காபி கொடுங்கள். பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.