செத்தாலும் விடுப்பில்லை

டங்கன் ஜோன்ஸ் இயக்கி 2011இல் வெளிவந்த 'சோர்ஸ் கோட்' படத்தை அறிவியல் புனைவுத் த்ரில்லர் என்கிறார்கள். எனக்கென்னவோ அது பணி விதிகளைப் பற்றிய படமாகத்தான் படுகிறது.

படத்தில் ஜேக் ஜிலன்ஹால் அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் விமானி. சிகாகோ செல்லும் ரயிலில், யாரோ ஒரு ஆசிரியரின் உடம்புக்குள் கண்விழிக்கிறார். எட்டு நிமிடத்தில் குண்டு வெடிக்கும். வைத்தவன் யாரென்று தெரியும்வரை அதே எட்டு நிமிடம், அதே ரயில், ஷூவில் சிந்தும் அதே காபி.

விசாரித்தால், ஆப்கானிஸ்தானிலேயே அவர் கதை முடிந்துவிட்டது. அப்பாவுக்குத் தகவலும் போயாயிற்று. ஆனால் மூளையில் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கிறதே, வீணாக்கலாமா என்று ராணுவம் அதை இந்த வேலைக்கு அனுப்பியிருக்கிறது. எப்படி இதெல்லாம் என்று கேட்டால், இந்தத் திட்டத்தை நடத்தும் விஞ்ஞானி 'குவாண்டம்' என்கிறார். சினிமாவில் அந்தச் சொல் விழுந்தபின் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

வேலையை முடித்தால் நிம்மதியாகச் சாகலாம் என்பது வாக்குறுதி. முடித்தபின் வரும் உத்தரவோ, நினைவை அழித்து அடுத்த வேலைக்குத் தயார் செய்யுங்கள் என்பது. ஒழுங்காக வேலை பார்ப்பவன் தலையில்தான் அடுத்த வேலையும் விழும் என்பது எல்லா ஆபீசுக்கும் தெரியும். செத்தபிறகும் விழும் என்று காட்டியது ஹாலிவுட்தான்.