நான் ஏறிய ராஜேந்திர சோழன்

1982-ல் பம்பாயிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போனபோது என்னைச் சுமந்துகொண்டு போனவர் ராஜேந்திர சோழன். கதையில்லை. ஏர் இந்தியா தன் போயிங் 747 ஜம்போக்களுக்குப் பேரரசர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தது. 1971-ல் முதலில் வந்தவர் அசோகர். அப்புறம் ஷாஜஹான், அக்பர், மகேந்திரவர்மன் என்று பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. எனக்கு வாய்த்தவர் கடாரம் கொண்டான். அவர் கப்பற்படையோடு கிழக்கே போனார். நான் மாவடு டப்பாவோடு மேற்கே போனேன்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ராஜஸ்தான் அரண்மனை மாடம் மாதிரி சிவப்பு வளைவு. சக்கரங்களை எண்ணினேன், 18. “தம்பி, எண்ணி முடிச்சாச்சுன்னா ஏறலாமா?” என்றார் பின்னால் நின்ற தஞ்சாவூர்க்காரர்.

விமானத்தின் தலையில் காளைக்கு இருப்பதுபோல ஒரு திமில். அதற்கொரு கதை உண்டு. ஜோ சட்டரும் அவருடைய ஆட்களும் இதை வடிவமைத்தபோது, நாளைக்குச் சனங்கள் எல்லாரும் ஒலியை மிஞ்சும் விமானத்துக்கு மாறிவிடுவார்கள், இது சரக்கு வண்டியாகிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். மூக்கைத் தூக்கிச் சரக்கேற்ற வழி வேண்டுமே என்று விமானியை மாடிக்கு அனுப்பினார்கள். ஒலியை மிஞ்சிய கான்கார்டு 2003-ல் ஓய்ந்தது. சரக்கு வண்டி 2022 வரை தயாராகி, 1,574-ஐத் தொட்டது. ஜோசியம் யாருக்கும் சரியாக வருவதில்லை.

சேலை கட்டிய பணிப்பெண் உறையில் போட்ட ஒரு ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே போனதும் நெஞ்சுத் துடிப்பை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும்போல என்று சட்டைப் பித்தானைக் கழற்றினேன். பக்கத்து இருக்கையில் அதே தஞ்சாவூர்க்காரர். பலமுறை போய்வந்தவர். அதை வாங்கி, கைப்பிடியில் இருந்த ஓட்டைகளில் செருகி, மறுமுனையை என் காதில் மாட்டினார். ஷெனாய்! உள்ளே கம்பி கிடையாது, வெறும் குழாய்தான். ஒலிபெருக்கி கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். சத்தம் காற்றோடு குழாயில் ஏறி வரும். இந்தச் சூட்சுமம் தெரிந்த அண்ணாச்சி, தன்னுடையதை உறை பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். மகனுக்கு டாக்டர் விளையாட்டுக்காம். துபாய் வரும்வரை கைப்பிடியில் காதை வைத்துக் குனிந்தபடியே பாட்டுக் கேட்டார்.

பின்வரிசைகள் புகைப்பவர்களுக்கு. புகைக்கு வரிசை எண் படிக்கத் தெரியாததால் எங்களுக்கும் கிடைத்தது.

எனக்கு வாந்தி வரவில்லை. அதற்கு வைத்திருந்த பை மட்டும் என்னோடு வந்தது. நல்ல கெட்டிக் காகிதம். முதல் சம்பளத்தை அதில் போட்டுத்தான் ஊருக்குக் கொண்டுபோனேன். துபாயில் சம்பளக் கவரே இவ்வளவு நேர்த்தியா என்று அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அதில் என் ஆதார் அட்டை இருக்கிறது.