திருவொற்றியூர் என்ன விலை?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துகிறவருக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு: காசு. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் போட்ட கணக்கு யோக்கியமானதுதான். மூன்று பகடை உருட்டு, பத்தால் பெருக்கு, அவ்வளவுதான் கையிருப்பு. உடம்பு முழுக்க மூடும் இரும்புக் கவசம் 50 பொன். ஆனால் நாலு பூதத்தை வெட்டி ஒரு குகையைச் சுரண்டியதும் கணக்கு கவிழ்ந்துவிடும். கடையில் உள்ள கத்தி, கயிறு, தீப்பந்தம் அத்தனையும் வாங்கினாலும் மூட்டை இளைக்காது. "இப்படியெல்லாம் எங்கேயாவது நடக்குமா?" என்று ஆட்டக்காரர்களே கேலி செய்வார்கள்.

நடக்கும். திருவொற்றியூரில் நடந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கோட்டையில் புதிதாக வந்து இறங்கும் குமாஸ்தாவுக்கு வருடத்துக்கு 5 பவுன் சம்பளம். கவர்னருக்கு 300. பகடை கொடுத்த முதல் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமஸ் பிட் கம்பெனியின் அனுமதி இல்லாமல் கள்ள வியாபாரம் செய்து, அதே கம்பெனியிடம் அபராதம் கட்டியவர். இவனை வெளியே விட்டால் ஆபத்து என்று நினைத்தார்களோ என்னவோ, 1698-ல் அவரையே கவர்னர் ஆக்கிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் ஜாம்சந்த் என்ற வைர வியாபாரி 410 காரட் கல்லைக் கொண்டுவந்து 2 லட்சம் வராகன் கேட்டார். பிட் 30 ஆயிரம் என்றார். கொத்தவால் சாவடியே வெட்கப்படும் அளவுக்குப் பேரம் நடந்து 48 ஆயிரத்தில் முடிந்தது. சுமார் 20,400 பவுன். அதாவது கவர்னர் உத்தியோகத்தில் 68 வருடச் சம்பளம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாரும் நாகரிகம் இல்லாதவர்கள் அல்ல. 1717-ல் பிரான்ஸ் நாட்டு ஆட்சிப் பொறுப்பாளர் ஆர்லியன்ஸ் பிரபுவிடம் கல் போய்ச் சேர்ந்தது, 135,000 பவுனுக்கு.

இந்த ஆட்டத்தை நடத்தியவர் கர்நாடக நவாப் தாவூத் கான். 1702-ல் கோட்டையைச் சுற்றி வளைத்துச் சோற்றுக்கு வழியில்லாமல் அடித்தார். பணம் வாங்கிக்கொண்டு விலகினார். சீமைச் சரக்கு என்றால் அவருக்கு உயிர். பிட்டுக்கு இது போதாதா? பெட்டி பெட்டியாகப் பாட்டில்கள் போயின. 1708-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்று ஐந்து ஊர்கள் கம்பெனி கைக்கு வந்தன. இன்றைக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் அரை கிரவுண்டுக்கு அலைகிறவர்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது.

ஆனால் போதையில் கொடுத்தது தெளிந்ததும் திரும்பிப் போகும். சில வருடங்களில் ஊர்கள் கைநழுவின.

அடுத்த சுற்றில் கம்பெனி டில்லிக்கே ஆள் அனுப்பியது. ஜான் சுர்மன் தலைமையில் தூதுக்குழு, வண்டி வண்டியாகப் பரிசுகள். பாதுஷா ஃபரூக் சியர் எதற்கும் அசையவில்லை. அசைத்தது ஒரு கட்டி. கல்யாணம் தள்ளிப்போகும் அளவுக்குப் படுத்திய அந்த வியாதியைக் குழுவில் இருந்த வைத்தியர் வில்லியம் ஹாமில்டன் 1715-ல் குணமாக்கினார். யானை, குதிரை, 5,000 ரூபாய், வைர மோதிரங்கள் கிடைத்தன. அதோடு நிற்கவில்லை: அவருடைய அறுவைக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் தங்கத்தில் மாதிரி செய்து கொடுத்தார் பாதுஷா. தங்கக் கத்தியால் கொய்யாப்பழம்கூட நறுக்க முடியாது. விலை அதிகம், வேலைக்கு ஆகாது. ஆட்டத்தில் வரும் மந்திரவாளும் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

ஊர்களைக் கம்பெனிக்குத் தரும் பாதுஷாவின் ஆணை, ஃபர்மான், வந்தது. 1717-ல் கவர்னர் ஜோசப் காலட் ஐந்து ஊர்களையும் மறுபடி பிடித்தார். திருவொற்றியூரில் தகராறு செய்த தயாராம் என்பவரின் ஆட்களை விரட்டிய லெப்டினன்ட் ரோச்சுக்கு மேஜராக லெவல் ஏறியது.

காலட் அங்கே நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டைதான் காலடிப்பேட்டை. அவரிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் தினமும் காஞ்சி வரதராஜரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார் என்று ஊரில் ஒரு கதை. போக வர நூறு மைலை நெருங்கும். குதிரையும் இல்லை, மந்திரக் கம்பளமும் இல்லை. சந்தேகப்பட்ட காலட், "இப்போது காஞ்சியில் என்ன நடக்கிறது, சொல்" என்றாராம். "தேர் நகராமல் நிற்கிறது" என்றாராம் இவர். விசாரித்தால் உண்மை. காலட் காலடிப்பேட்டையிலேயே கல்யாண வரதராஜருக்குக் கோயில் கட்டிக் கொடுத்தார். இந்த ஆட்டம் முழுக்கப் பொன் கேட்காத ஒரே ஆள் வீரராகவன். சம்பளத்தை உயர்த்துவதைவிடக் கோயில் கட்டுவது மலிவு என்று காலட் கணக்குப் போட்டிருப்பார் என்றே எனக்குப் படுகிறது.