பொடி எழுத்து யோகம்

நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை விறைக்க ஆரம்பிக்கும். செய்தித்தாள் முகத்தை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகும். எங்கள் சித்தப்பாவுக்குக் கை நீளமும் போதாமல் போனதும், ஆபரேஷன் செய்து ட்ரைஃபோகல் லென்ஸ் வைத்துக்கொண்டார். தூரத்துக்கு, கம்ப்யூட்டருக்கு, படிப்புக்கு என்று வரும் வெளிச்சத்தை மூன்றாகப் பங்குபோடும் சமாச்சாரம் அது. பங்கு போட்டால் வில்லங்கம் இல்லாமலா? ராத்திரியில் எதிரே வரும் மணல் லாரிக்கெல்லாம் திருவாசி வைத்தாற்போல ஒளிவட்டம். மூளை பழக மாதக்கணக்கில் ஆகுமென்றார் டாக்டர். பணம் கண்ணுக்குக் கட்டியாயிற்று. மிச்ச வேலை மூளையின் தலையில்!

ஒருவழியாகப் பழகிவிட்டது. 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால் எறும்பு எழுத்தும் துலங்குகிறது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி, ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ், எதையும் விடுவதில்லை. நேற்று மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தையே எடுத்து உட்கார்ந்துவிட்டார். 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறையைத் திருத்தும் செலவு தரப்படாது என்று கடைசிப் பக்கத்தில் பளிச்சென்று போட்டிருக்கிறார்கள்.

"இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே படிச்சிருக்கலாமே?" என்றாள் சித்தி.

"எதை வச்சுடி படிக்கிறது?"