தினம் காலை பத்து மணிக்கு

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் 17 பேர் கூடி, மென்பொருள் உருவாக்கத்துக்கான அஜைல் அறிக்கையை எழுதினார்கள். செயல்முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதுமே முக்கியம் என்பது அதன் முதல் விழுமியம். உடனே நம் நிறுவனங்கள் அதற்கென்று ஒரு செயல்முறையும் நாலு கருவியும் வாங்கிப்போட்டன.

தினமும் காலையில் 15 நிமிட ஸ்டாண்ட்-அப் கூட்டம். கால் வலித்தால் பேச்சு குறையும் என்பதற்காக நின்றுகொண்டே பேசச் சொன்னார்கள். இப்போது கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டே, “நேத்து பார்த்த டிக்கெட்தான், இன்னைக்கும் அதேதான், பிளாக்கர் எதுவும் இல்லை” என்கிறோம்.

ஸ்டோரி பாயிண்ட் விளையாட்டு இன்னும் அழகு. வேலையின் அளவை நாள்கணக்கில் சொல்லாமல் புள்ளிகளில் சொல்வதற்காக வந்த ஏற்பாடு அது. புதிதாகச் சேர்ந்த பையன் 8 காட்டுவான். லீட் 3 காட்டுவார். கலந்து பேசி, ஒருமனதாக 3 என்று முடிவாகும். மேனேஜர் கேட்பார்: “சரி, 3 பாயிண்ட்னா எத்தனை நாள்?”

அஜைல் பலன் தருமா? தரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளர் பார்த்து, வேண்டாததை வெட்டினால் நன்றாகவே தரும். தேதியையும் வேலைப் பட்டியலையும் ஒப்பந்தத்திலேயே பூட்டிவிட்டு இரண்டு வார ஸ்பிரிண்ட் ஓடுகிற இடத்திலும் ஒரு பலன் உண்டு: திட்டம் தாமதமாகும் என்பது முன்பெல்லாம் கடைசி மாதத்தில்தான் தெரியவரும். இப்போது தினமும் காலை பத்து மணிக்கே தெரிந்துவிடுகிறது.