காமாலைக் கண்ணும் ஒரு நோபல் பரிசும்

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பரூக் ப்ளம்பர்க்குக் கண்டதெல்லாம் பரம்பரை. கடைசியில் காமாலையே எதிரில் வந்து நின்றபோதும், "இதுவும் பரம்பரைதான்" என்று சாதித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

1925இல் நியூயார்க்கில் பிறந்தவர். கடற்படையில் இருந்தார், இயற்பியல் படித்தார், கணக்கில் மேற்படிப்புக்குப் போனார். வக்கீலான அப்பா டாக்டருக்குப் படிக்கச் சொன்னதும் அங்கே தாவினார் (அப்பாக்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்). டாக்டரான பிறகும் ஆசை அடங்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்குப் போய் 1957இல் முனைவர் பட்டமும் வாங்கினார். எதில் தெரியுமா? ஹையலூரானிக் அமிலத்தில். மூட்டுக்குள் வழவழவென்று இருக்கும் சமாச்சாரம். இன்றைக்கு முகத்தில் பூசும் சீரம் புட்டிகளின் மேல் அந்தப் பெயர் மின்னும். ஈரலுக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

பரம்பரைப் பைத்தியம் அதற்கு முன்பே பிடித்துவிட்டது. மருத்துவ மாணவராக சுரிநாம் நாட்டுச் சுரங்க ஊருக்குப் போனபோது பார்த்தார்: ஊர் ஒன்று, கொசுவும் ஒன்று, ஆனால் யானைக்கால் புழு எல்லாரையும் ஒரே மாதிரிப் பிடிக்கவில்லை. அப்படியென்றால் ரத்தத்திலேயே ஏதோ வித்தியாசம் இருக்கிறது! அன்றிலிருந்து ஊர் ஊராக ரத்தம் சேர்க்க ஆரம்பித்தார். சிலருக்குத் தபால்தலை, இவருக்கு ரத்தம்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த உபாயம் எளிமையானது. ஹீமோபிலியா நோயாளிகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவார்கள். பத்து வீட்டு ரத்தம் உள்ளே போனால் தங்களிடம் இல்லாத புரதங்களை எதிர்த்து அவர்கள் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கும். கண்ணாடியில் கடல்பாசிக் கூழை ஊற்றி, உறைந்ததும் கோலப்புள்ளி மாதிரி நடுவில் ஒரு குழி, சுற்றிலும் சில குழிகள். நடுவில் ஹீமோபிலியாக்காரரின் சீரம், சுற்றிலும் ஊரார் சீரம். இரண்டும் ஊறி வந்து சந்திக்கும் இடத்தில் சண்டை என்றால் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். அவ்வளவுதான்.

1963இல் நியூயார்க் நோயாளி ஒருவரின் சீரத்துக்கும் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்துக்கும் நடுவே கோடு விழுந்தது. கூட்டாளி ஹார்வி ஆல்டர் சாயம் போட்டுப் பார்த்தார். எதிர்பார்த்த கொழுப்புச் சாயம் ஏறவில்லை; புரதச் சாயத்தில் சிவந்தது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார் ப்ளம்பர்க். ரத்தம் கொடுத்தவரின் பெயரை இந்தக் கதை சொல்பவர்கள் சொல்வதில்லை. அவருக்குப் பதில் கண்டத்தின் பெயர் போட்டாயிற்று.

லுகீமியா நோயாளிகளிடம் அது அடிக்கடி தென்பட்டது. 1965இல் அப்படியே கட்டுரையும் எழுதினார்கள். இது பரம்பரைக் குணம், இது உள்ளவர்களுக்கு லுகீமியா வரும் என்று கணக்குப் போட்டார் ப்ளம்பர்க். டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு லுகீமியா வரும் வாய்ப்பு அதிகமாயிற்றே? அவர்களைச் சோதித்தால், நிறையப் பேரிடம் இருந்தது. பார்த்தீர்களா, நான் சொல்லவில்லை? அவர்கள் நெருக்கடியான விடுதிகளில் அடைந்து கிடந்ததும், லுகீமியாக்காரர்கள் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிக்கொண்டதும் கோட்பாட்டின் கண்ணில் படவில்லை.

1966இல் அவமானம் வந்தது. முந்தைய சோதனையில் 'இல்லை' என்றிருந்த ஒருவருக்கு இப்போது 'இருக்கிறது'. தாத்தாவிடமிருந்து வந்த மூக்கு நடுவில் ஒருநாள் முளைக்குமா? ஈரலைச் சோதித்தால் அழற்சி. மறு ஆண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண்ணுக்கே உடம்பு சரியில்லாமல் போனது. மாலையில் தன் சீரத்தையே குழியில் விட்டுவிட்டுப் போனார். காலையில் வந்து பார்த்தால் மங்கலான, ஆனால் சந்தேகமில்லாத ஒரு கோடு. பிறகுதான் கண் மஞ்சளானது. இந்தச் சோதனையால் கண்டறியப்பட்ட முதல் காமாலை அவருடையது. நல்லவேளை, தேறிவிட்டார்.

பரம்பரை என்று துரத்தியது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல்சட்டை! எழுதி அனுப்பினால், இப்படி ஆளுக்கொரு வைரஸ் கொண்டுவருகிறீர்கள், ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். 1976இல் நோபல் கிடைத்தது.

அதற்குள் 1969இலேயே, வைரஸ் சுமப்பவர்களின் ரத்தத்திலிருந்து அந்தச் சட்டையை மட்டும் பிரித்தெடுத்துத் தடுப்பூசியாக்கும் வழியை இர்விங் மில்மனோடு சேர்ந்து சொல்லியிருந்தார். 1981இல் அமெரிக்கா அதை அனுமதித்தது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த வைரஸ் ஈரலை நேரடியாகக் கொல்வதில்லை. நம் எதிர்ப்புச் செல்கள்தான் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகின்றன. எந்த உடம்பு விரட்டும், எந்த உடம்பு ஆயுளுக்கும் குடிவைத்துக்கொள்ளும் என்பதில் எச்எல்ஏ மரபணுக்களுக்குப் பங்கு உண்டென்று 2009இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். மனிதர் பரம்பரை என்று சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

நம்மூரையும் அவர் விடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து கீழாநெல்லி வகையொன்றைச் சோதித்து, 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் அந்த ஆன்டிஜென் மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம்தான். பாட்டிகள் மீசை முறுக்கும் நேரம். ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் அதே பலனைக் காட்டவில்லை.

அதனால் வீட்டில் குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டார்களா என்று நர்சம்மாவிடம் கேளுங்கள். கீழாநெல்லியைத் தோட்டத்தில் வளர்த்துக்கொள்ளலாம்.